பவானி ஆற்றுப் பாசனத்தில் நகர்வு வரிசையும் சமநிலையும்: ஆட்டக் கோட்பாட்டு நோக்கில் ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு போட்டியில் யார் முதலில் நகர்கிறார், யார் அவரைப் பார்த்து நகர்கிறார் என்பது அப்போட்டியின் முடிவை மாற்றும் என்பது ஆட்டக் கோட்பாட்டின் அடிப்படை முடிவுகளுள் ஒன்றாகும். ஆற்றுப் பாசனத்தில் மேட்டில் இருப்பவரே முதலில் நகர்பவர். ஆனால் கொங்கு நாட்டின் பவானி ஆற்றில் பழைய பாசனங்கள் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும், 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணை மேற்பகுதியிலும் அமைந்துள்ளன. ஆற்றின் வரிசையும் வரலாற்றின் வரிசையும் இங்கு எதிரெதிராக நிற்கின்றன. இவ்விரு வரிசைகளுக்கிடையில் நீர்ப்பங்கீடு எவ்வாறு ஒரு சமநிலையை எட்டியது, அச்சமநிலையைத் தாங்கி நிற்பவை எவை என்பதைக் காலிங்கராயன் வாய்க்கால், கொடிவேரி அணைக்கட்டு, கீழ்பவானித் திட்டம், அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. வரிசை வகுக்கப்படாத நிலைக்கு எதிர்ச்சான்றாக நொய்யல் ஆற்றின் சாயக்கழிவுச் சிக்கல் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டக் கோட்பாடு, நகர்வு வரிசை, சமநிலை, பவானி ஆறு, காலிங்கராயன் வாய்க்கால், கீழ்பவானி, பழைய ஆயக்கட்டு, நொய்யல்

முன்னுரை

கொங்கு நாட்டின் நீர்ப்பாசன வரலாறு இதுவரை பெரும்பாலும் இரண்டு நோக்கில் எழுதப்பட்டுள்ளது. ஒன்று, கல்வெட்டுகளையும் மரபுச் செய்திகளையும் கொண்டு அணைகளைக் கட்டியோரை அடையாளம் காணும் நோக்கு. மற்றொன்று, ஆயக்கட்டுப் பரப்பு, நீரின் அளவு ஆகியவற்றைக் கொண்டு பயனை மதிப்பிடும் பொறியியல் நோக்கு. கட்டியவர் யார், பயன் எவ்வளவு என்னும் இவ்விரு வினாக்களுக்கும் இடையில் மூன்றாவது வினா ஒன்று உள்ளது. ஒரே ஆற்றை நம்பியிருக்கும் பல தரப்பினர், ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையும் என்று அறிந்தும், ஒரு பங்கீட்டை ஏன் ஏற்றுக்கொண்டு நிற்கின்றனர் என்பதே அது. இதற்கு விடை தேட ஆட்டக் கோட்பாடு பொருத்தமான கருவியாகும்.

ஆட்டக் கோட்பாட்டில் 'ஆட்டம்' என்பது விளையாட்டை மட்டும் குறிப்பதன்று. ஒருவர் பெறும் பயன் தம் செயலை மட்டுமன்றிப் பிறர் செயலையும் சார்ந்திருக்கும் எந்நிலையும் ஆட்டமே. பவானிப் பாசனம் அத்தகைய நிலைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

1. நகர்வு வரிசை: கோட்பாட்டுப் பின்புலம்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் பாறைகளிலும் திண்ணைகளிலும் கோடு கீறி ஆடப்படும் ஆடுபுலியாட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உள்ளன. இரு தரப்பும் மாறிமாறி நகர்கின்றன. காய்கள் அனைத்தும் இருவர் கண்ணுக்கும் தெரிகின்றன. இவ்வாறு முழுச் செய்தியும் வெளிப்பட்டு, வரிசையாக நகரும் ஆட்டங்களை 1913இல் எர்ன்ஸ்ட் செர்மெலோ சதுரங்கத்தை முன்வைத்து ஆராய்ந்தார். இத்தகைய ஆட்டங்களில் கடைசி நகர்விலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு முதல் நகர்வைத் தீர்மானிக்கலாம். இம்முறை பின்னோக்கிய உய்த்துணர்வு எனப்படும்.

பொருளியலில் இவ்வேறுபாட்டைக் கூர்மைப்படுத்தியோர் இருவர். 1838இல் அந்துவான் கூர்னோ, இரு விற்பனையாளர் ஒரே வேளையில் தம் உற்பத்தி அளவை முடிவு செய்யும் நிலையை விளக்கினார். 1934இல் ஹைன்ரிஷ் ஃபொன் ஸ்டாக்கெல்பெர்க், ஒருவர் முதலில் முடிவு செய்ய மற்றவர் அதனைக் கண்டு முடிவு செய்தால் விளைவு மாறும் எனக் காட்டினார். முதல்வர் மிகுதியாக எடுப்பார். பின்னவர் எஞ்சியதற்கேற்பத் தம்மைக் குறைத்துக்கொள்வார். போட்டியாளர்களும் பொருளும் மாறாதிருக்க, வரிசை மட்டும் மாறியதால் பயன் மாறுகிறது.

1950இல் ஜான் நாஷ் வரையறுத்த சமநிலை, எவரும் தாம் மட்டும் தம் செயலை மாற்றிக்கொண்டு நன்மை பெற முடியாத நிலையைக் குறிக்கும். சமநிலை என்பது சமப்பங்கு அன்று, நீதியும் அன்று. அது நிலைத்து நிற்கும் தன்மை மட்டுமே. வரிசையாக நகரும் ஆட்டங்களில் இவ்வரையறை போதாது என்பதை 1965இல் ரைன்ஹார்ட் செல்டென் எடுத்துக்காட்டினார். நிறைவேற்றும் எண்ணமில்லாத வெற்று மிரட்டலின் மேலும் ஒரு நாஷ் சமநிலை நிற்கக்கூடும். ஆதலின், ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் சொன்னதைச் செய்வதே அவரவர்க்கு நன்மையாக இருத்தல் வேண்டும் என்னும் கடுமையான கட்டுப்பாட்டை அவர் விதித்தார். 1960இல் தாமஸ் ஷெல்லிங் இதன் மறுபக்கத்தை விளக்கினார். தம் கையிலுள்ள ஒரு வாய்ப்பைத் தாமே வெட்டிவிடுவதன் மூலம் ஒருவர் தம் வாக்கை நம்பத்தக்கதாக்க முடியும் என்பது அவர் கருத்து. இம்மூன்று கருத்துகளும் பவானி வரலாற்றைப் படிக்கத் துணைபுரிகின்றன.

2. பவானி ஆற்றின் இரு வரிசைகள்

நீலகிரியில் தோன்றும் பவானி, கேரளத்தின் அட்டப்பாடி வழியாக ஓடி மீண்டும் தமிழகத்துள் நுழைந்து, பில்லூர், மேட்டுப்பாளையம் கடந்து, பவானிசாகரில் மோயாற்றைச் சேர்த்துக்கொண்டு, சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் பகுதிகளின் வழியே பவானி நகரின் கூடுதுறையில் காவிரியுடன் கலக்கிறது. இவ்வழியில் பாசனத்திற்கான மூன்று முதன்மைக் கட்டமைப்புகள் மேலிருந்து கீழாகப் பின்வருமாறு அமைந்துள்ளன.

முதலாவது பவானிசாகர் அணை. 1948இல் தொடங்கி 1955இல் நிறைவுற்ற இதன் கொள்ளளவு 32.8 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இதிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, இன்றைய ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. இரண்டாவது கொடிவேரி அணைக்கட்டு. இதன் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கருக்கு நீர் தருகின்றன. மூன்றாவது, கூடுதுறைக்குச் சற்று மேலே உள்ள காலிங்கராயன் அணைக்கட்டு. அதன் வாய்க்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து சென்று நொய்யலைச் சேர்கிறது. பாசனப் பரப்பு 15,743 ஏக்கர்.

காலிங்கராயன் வாய்க்கால் கொங்குப் பாண்டியர் காலத்தது; 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், 1283ஐ ஒட்டி, நிறைவுற்றதாக மரபு கூறும். கொடிவேரி அணைக்கட்டை 12ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்லும் மரபும் உண்டு. இவ்விரண்டனுள் எது முந்தியது என்னும் வினா இங்கு முதன்மையானதன்று. இரண்டும் பவானிசாகர் அணைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. இரண்டும் அதற்குக் கீழே அமைந்தவை என்பதே நோக்கத்தக்கது. ஆகவே நீர் ஓடும் வரிசையில் முதலில் நகரும் வாய்ப்புப் பெற்றது, கால வரிசையில் கடைசியாக வந்த கீழ்பவானிப் பாசனமாகும். பரப்பிலும் அது பழைய பாசனங்களின் கூட்டுத்தொகையான 40,247 ஏக்கரைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்டது.

3. வரிசை எதை மாற்றும், எதை மாற்றாது

இந்நிலையின் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஆற்றில் ஓர் ஆண்டில் 8 அலகு நீர் வருவதாகவும், மேட்டுப் பாசனம், கீழ்ப் பாசனம் என இரு தரப்பு மட்டும் உள்ளதாகவும் கொள்வோம். நீர் கூடக்கூட ஒவ்வோர் அலகும் தரும் கூடுதல் பயன் குறைந்துகொண்டே வரும். இரு தரப்புக்கும் முதலலகின் பயன் 11, இரண்டாவதன் பயன் 9, மூன்றாவதன் பயன் 7, அடுத்தடுத்து 5, 3, 1 எனக் கொள்க. ஆறு அலகுக்கு மேல் பயனில்லை.

மேட்டுப் பாசனம் தடையின்றி முதலில் எடுக்குமாயின் 6 அலகை எடுத்து 36 பயன் பெறும். கீழ்ப் பாசனம் எஞ்சிய 2 அலகைக் கொண்டு 20 பயன் பெறும். மொத்தம் 56. கீழ்ப் பாசனத்தின் முன்னுரிமை நிலைநாட்டப்பட்டால் எண்கள் இடம் மாறும். மொத்தம் அதே 56. தலா 4 அலகாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 32 பெறும்; மொத்தம் 64.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, வரிசை முதன்மையாகத் தீர்மானிப்பது யாருக்கு எவ்வளவு என்பதையே. வரிசையைத் தலைகீழாக்குவதால் மட்டும் மொத்தப் பயன் கூடிவிடுவதில்லை. இரண்டாவது, மொத்தப் பயனைக் கூட்டும் பங்கீடு தானே நிலைத்து நிற்காது. மேட்டில் இருப்பவர் நான்காம் அலகோடு நிறுத்துவது, அவ்வாறு நிறுத்துவதற்கு வேறு காரணம் இருந்தாலன்றி, அவருக்கு இழப்பே. அந்த வேறு காரணம் எது என்பதே பாசன வரலாற்றின் மையச் சிக்கல் எனலாம். பவானியில் பரப்பும் பயிரும் சமமல்ல என்பதால் உண்மை எண்கள் வேறாகும். ஆயினும் சிக்கலின் வடிவம் இதுவே.

4. காலிங்கராயன் மரபு: வாக்கை நம்பத்தக்கதாக்குதல்

அந்தச் சிக்கலுக்குக் கொங்கு நாட்டு மரபில் மிகப் பழைய விடை ஒன்று உள்ளது. வாய்க்காலை வெட்டிய காலிங்கராயன் தம் குடும்ப நலத்திற்காகவே அதனை வெட்டுகிறார் என்னும் பழி எழுந்ததாகவும், அதனைப் போக்கத் தாமும் தம் வழியினரும் அவ்வாய்க்கால் நீரைப் பயன்கொள்வதில்லை என உறுதி பூண்டு, பொள்ளாச்சிப் பக்கமுள்ள ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்ததாகவும் மரபு கூறுகிறது. இச்செய்தி பெரும்பாலும் அவருடைய ஈகைக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. ஆட்டக் கோட்பாட்டு நோக்கில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு.

ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வாய்க்காலை வெட்டப் பல ஊர்களின் நிலமும் உழைப்பும் தேவை. வாய்க்கால் முடிந்தபின் தலைமடையில் யார் எவ்வளவு எடுப்பர் என்னும் ஐயம் கடைமடை ஊர்களுக்கு இயல்பாக எழும். பின்னோக்கிக் கணக்கிடும் ஓர் ஊரார் இவ்வாறு எண்ணுவர்: அதிகாரம் உடையவர் நாளை தம் நிலத்திற்கே முதலில் நீர் எடுப்பார், ஆகவே இன்று உழைப்பதால் நமக்குப் பயனில்லை. அனைவரும் அவ்வாறு எண்ணினால் வாய்க்காலே உருவாகாது. இங்கு வெறும் வாக்குறுதி போதாது. வாக்கை மீறுவதால் நன்மை கிடைக்கும் வரை அது நம்பத்தக்கதன்று. பாசனப் பரப்பை விட்டே வெளியேறுவது, மீறும் வாய்ப்பைத் தாமே வெட்டிவிடுவதாகும். ஷெல்லிங் 20ஆம் நூற்றாண்டில் கோட்பாடாக வகுத்ததன் நேர் வடிவம் இது.

மரபுச் செய்தியின் ஒவ்வொரு கூறும் நிகழ்ந்ததா என்பது கல்வெட்டுச் சான்றுகளால் தனியே ஆராயப்பட வேண்டியது. அது எவ்வாறாயினும், ஒரு வாய்க்கால் எப்படி உருவாகி நிலைத்தது என்பதை விளக்க அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்துகொண்ட விளக்கம் இதுவே என்பது சான்றாகக் கொள்ளத்தக்கது. அணை நிலைக்கக் கல்லும் சாந்தும் போதா. அதிகாரம் உடையவர் தம் கையைத் தாமே கட்டிக்கொள்ளவும் வேண்டும் என்னும் அறிவு அம்மரபில் பொதிந்துள்ளது.

5. பவானிசாகர் அணையும் பழைய ஆயக்கட்டும்

1955இல் ஆட்டத்தின் வடிவம் மாறியது. அதுவரை கொடிவேரியும் காலிங்கராயனும் ஓடும் நீரைத் திருப்பிக்கொண்டன. ஆற்று நீரைத் தேக்கும் ஆற்றல் எவரிடமும் இல்லை. பவானிசாகர் அணை தேக்கும் ஆற்றலைத் தந்ததோடு, ஆற்றின் முதல் நகர்வையும் மேலே கொண்டுசென்றது. பழைய பாசனத்தார் அணை கட்டப்பட்ட மறுநாளிலிருந்து கீழே நின்று எஞ்சியதை ஏற்போராக மாறியிருக்கலாம்.

அவ்வாறு நிகழவில்லை. கொடிவேரி, காலிங்கராயன் பரப்புகள் 'பழைய ஆயக்கட்டு' என்னும் பெயருடன் முன்னுரிமை பெற்றன. கீழ்பவானிப் பரப்பு அதன்பின் வைக்கப்பட்டது. நீர் குறைந்த ஆண்டுகளில் முதற்சுமை கீழ்பவானியின் மேல் விழுவது இவ்வரிசையின் நேர் விளைவு. ஆற்றின் வரிசையை வரலாற்றின் வரிசை வென்றது எனச் சுருக்கமாகக் கூறலாம்.

இவ்வெற்றியைத் தாங்கி நிற்பவை மூன்று. முதலாவது, மதகின் திறவுகோல் கீழ்பவானி உழவரிடம் இல்லை. அது அரசின் நீர்வளத் துறையிடம் உள்ளது. ஆற்றில் மேலே இருப்பது நிலமன்று, அணை. அணையை இயக்குபவர் மூன்றாந்தரப்பினர். இரண்டாவது, அணையிலிருந்து நீர் வெளியேறும் வழிகள் தனித்தனியாக உள்ளன. பழைய ஆயக்கட்டுக்கு ஆற்றின் வழியாகவும், கீழ்பவானிக்கு வாய்க்காலின் வழியாகவும் நீர் செல்கிறது. ஆகவே யாருக்கு எவ்வளவு விடப்பட்டது என்பது மறைவின்றித் தெரிகிறது. மீறல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் மீறலுக்கு எதிர்வினை இயலும். மூன்றாவது, இந்த ஆட்டம் ஒருமுறை ஆடி முடிவதன்று. ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் ஆடப்படுவது. ஓர் ஆண்டில் முன்னுரிமையை மீறினால் அடுத்த ஆண்டுகளில் போராட்டம், வழக்கு, அரசியல் இழப்பு ஆகியவை தொடரும். திரும்பத் திரும்ப ஆடப்படும் ஆட்டங்களில், ஒருமுறை ஆட்டத்தில் நிலைக்காத பங்கீடும் நிலைக்கும் என்பது ஆட்டக் கோட்பாட்டின் நன்கறியப்பட்ட முடிவு.

ஆயினும் இச்சமநிலையை நீதியென மயங்குதல் கூடாது. பழைய ஆயக்கட்டில் ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட போகம் விளைய, அதனினும் ஐந்து மடங்கு பரந்த கீழ்பவானி நிலம் ஒரு போகத்திற்கு மட்டும் முறை பார்த்துக் காத்திருப்பது மொத்தப் பயனைக் குறைக்கிறது என வாதிட இடமுண்டு. முற்பகுதியில் கண்ட கணக்கில் 56க்கும் 64க்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. எதிர்வாதமும் வலியதே: நூற்றாண்டுகளாக நின்ற உரிமை புதிய கணக்கால் மாற்றப்படுமாயின், கீழ்பவானியின் உரிமையும் நாளை மேலே வரும் இன்னொரு தேவையால் மாற்றப்படலாம். முன்னுரிமை கீழ்பவானிக்கு எதிரானது போலத் தோன்றினும், தனக்கு மேலே வருவோரிடமிருந்து அதனைக் காப்பதும் அதே நெறிதான்.

6. ஒற்றைப்படை மதகும் இரட்டைப்படை மதகும்

கீழ்பவானிப் பரப்புக்குள்ளேயே மற்றொரு வரிசைச் சிக்கல் எழுந்தது. 2,07,000 ஏக்கர் முழுவதற்கும் நெற்பயிருக்குரிய நீர் இல்லை. பரப்பு இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதியான 1,03,500 ஏக்கருக்கு ஆகஸ்ட் 15 முதல் 120 நாள் நன்செய்ப் பாசனத்திற்கும், மறு பாதிக்கு அதன்பின் புன்செய்ப் பாசனத்திற்கும் நீர் விடப்படுகிறது. நன்செய் முறைக்கு வினாடிக்கு 2,300 கன அடி வீதம் 120 நாளில் ஏறத்தாழ 24 டி.எம்.சி. ஆகிறது, புன்செய் முறைக்கு அதில் ஏறத்தாழப் பாதி போதும். அடுத்த ஆண்டு இரு பாதிகளும் இடம் மாறும். தலைமடை, கடைமடை எனப் பிரிக்காமல், பிரதான வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகள், இரட்டைப்படை மதகுகள் என்னும் எண்முறையால் பாதிகள் வகுக்கப்பட்டன.

இதன் தருக்கத்தைச் சிறு அட்டவணையின்றியே காட்டலாம். ஒரு பாதிக்கு நெல்லின் பயன் 3, புன்செய்ப் பயிரின் பயன் 2 எனக் கொள்வோம். இரு பாதியும் நெல் வைத்தால் நீர் போதாமல் இரண்டும் கருகும், பயன் சுழி. ஒன்று நெல்லும் மற்றொன்று புன்செய்ப் பயிரும் வைத்தால் 3, 2. இரண்டும் புன்செய்ப் பயிர் வைத்தால் 2, 2. இரண்டும் புன்செய் என்பது நிலைக்காது. ஏனெனில் ஒரு பாதி நெல்லுக்கு மாறினால் கூடுதல் பயன் பெறும். இரண்டும் நெல் என்பதும் நிலைக்காது. நிலைத்து நிற்பவை இரண்டே: முதற்பாதி நெல், மறுபாதி புன்செய், அல்லது அதன் மறுதலை. இவ்விரண்டில் எது என்பதை ஆட்டம் தானே தீர்மானிப்பதில்லை. வரிசை இருந்தால் முதலில் நகர்பவர் நெல்லைப் பிடிப்பார். வரிசையின்றி ஒவ்வொருவரும் தற்செயலுக்கு விட்டு முடிவு செய்தால், கணக்குப்படி ஒவ்வொரு பாதியும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் நெல் வைக்கும். ஒன்பதில் ஒருமுறை இரண்டும் கருகும். சராசரிப் பயன் தலா 2 மட்டுமே.

ஆண்டுக்கு ஆண்டு மாறும் முறை இச்சிக்கலைத் தீர்க்கிறது. ஒவ்வொரு பாதியின் சராசரிப் பயன் 2.5. கருகும் ஆண்டு இல்லை. எந்தப் பாதிக்கும் தன் முறையை மீறுவதால் நன்மை இல்லை. 1974இல் ராபர்ட் ஆமன் வகுத்த தொடர்புறு சமநிலை என்பது, அனைவரும் காணக்கூடிய ஒரு பொது அடையாளத்தைக் கொண்டு செயல்களை இசைவிக்கும் நிலை. கீழ்பவானியில் அந்த அடையாளம் ஆண்டும் மதகின் எண்ணுமே. எவரும் பொய்யாகக் கூற முடியாத, எவரும் விலைக்கு வாங்க முடியாத அடையாளம் அது. மதகு எண்ணால் பிரித்ததன் மற்றொரு நன்மையும் கருதத்தக்கது. தலைமடை ஒரு பாதி, கடைமடை மறு பாதி எனப் பிரித்திருந்தால் கடைமடையின் முறை வரும் ஆண்டிலும் நீர் தலைமடையைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கும். மீறும் வாய்ப்பு ஒரு பக்கமே குவியும். ஒற்றையும் இரட்டையும் வாய்க்கால் நெடுகிலும் கலந்திருப்பதால், இரு பாதியிலும் தலைமடையினரும் கடைமடையினரும் உள்ளனர்.

7. கடைசியில் வந்தவர் கடைசியில் நின்றமை

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட பகுதிகளுக்குப் பவானியின் வெள்ளநீரைக் கொண்டுவர வேண்டும் என்னும் கோரிக்கை அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 'அத்திக்கடவு' என்னும் பெயரே நீரை ஆற்றின் மேற்பகுதியிலிருந்து எடுக்கும் பழைய எண்ணத்தைக் காட்டுகிறது. மேலிருந்து எடுத்தால் நீர் ஈர்ப்பு விசையால் தானே ஓடிவரும். ஆயினும் 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்கும் கீழேயிருந்து நீரை எடுக்கிறது. உபரி நீர் வழியும் நாட்களில், வினாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாளுக்கு, ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. நீர் ஆறு நீரேற்று நிலையங்களின் வழி மேட்டுக்கு ஏற்றப்பட்டு, 1,045 குளம் குட்டைகளுக்குச் செல்கிறது. திட்டச் செலவு ரூ. 1,916 கோடி.

பொறியியல் கண்ணுக்கு இது வியப்பானது. கீழே ஓடிவந்த நீரை மின்செலவில் மீண்டும் மேலே ஏற்றுவானேன்? விடை நகர்வு வரிசையில் உள்ளது. மேலே எடுப்பதாயின் பவானிசாகருக்கு வரும் நீர் குறையும். கீழ்பவானி, கொடிவேரி, காலிங்கராயன் ஆகிய மூன்று பாசனத்தாரும் ஒருங்கே எதிர்ப்பர். வெள்ளநீரை மட்டுமே எடுப்போம் என்னும் வாக்குறுதி வறட்சி ஆண்டிலும் காக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. அனைவருக்கும் கீழே நின்று எடுத்தாலோ, பிறர் பங்கைத் தொட வழியே இல்லை. காலிங்கராயன் மரபில் கண்ட அதே நெறி இங்குக் குழாயிலும் நீரேற்று நிலையத்திலும் உருப்பெற்றுள்ளது. மீறும் வாய்ப்பை விட்டுக்கொடுத்ததால் இசைவு கிட்டியது. அதன் விலை மின்கட்டணமாக ஆண்டுதோறும் செலுத்தப்படுகிறது.

மேற்பகுதி வெறுமையாக இல்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். பவானியின் துணையாறான சிறுவாணியின் நீர், 1973இல் 99 ஆண்டுக்கு எனச் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கேரளத்திலுள்ள அணையிலிருந்து கோவைக்கு வருகிறது. பில்லூரிலிருந்தும் கோவைக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்திற்கு வழங்கிய 30 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. பவானி உள்வடிநிலத்திற்குரியது. இவர்கள் காலத்தால் பிந்தியும் இடத்தால் முந்தியும் நிற்பவர்கள். பாசனத்தாரிடையே வென்ற 'முந்தியவர்க்கே முன்னுரிமை' என்னும் நெறி, குடிநீர் என்னும் தேவையின்முன் அப்படியே நிற்பதில்லை.

8. வரிசை வகுக்கப்படாத ஆறு: நொய்யல்

பவானிக்குத் தெற்கே ஓடும் நொய்யல் எதிர்ச்சான்று தருகிறது. திருப்பூரில் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஆற்றங்கரையில் இயங்கின. கழிவைத் தூய்மைப்படுத்தும் செலவை ஒரு பட்டறை ஏற்று மற்றவை ஏற்காவிடில், ஏற்ற பட்டறை விலைப்போட்டியில் தோற்கும், ஆறோ தூய்மையாகாது. அனைவரும் ஒரே வேளையில் நகரும் இவ்வாட்டத்தில் எவரும் முதலில் செலவழிக்காதிருப்பதே சமநிலை. 1992ஐ ஒட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணை ஆற்றில் கீழே நின்றதால் பாசனநீருக்கு மாறாகச் சாயக்கழிவைத் தேக்கியது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவுநீர் முற்றும் வெளியேறா நிலையை 2007 ஜூலை இறுதிக்குள் எட்ட ஆணையிட்டு, அதுவரை லிட்டர் கணக்கில் ஏறிச்செல்லும் தண்டத்தொகையையும் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. நீதிமன்றம் முதலில் நகர்ந்து விதியை அறிவித்தது எனலாம். ஆனால் கெடு கடந்தும் கழிவு ஓடியது. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே ஆட்டம் மாறியது. செல்டென் கூறியது இங்குப் பொருந்துகிறது: முதல் நகர்வின் வலிமை, அறிவித்ததைக் கடைசிக் கட்டத்தில் செய்து காட்டுவதில் உள்ளது. ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை முடக்கும் ஆணையை எவரும் இடார் என்று எதிர்பார்த்த வரை, கெடு என்பது வெற்று மிரட்டலாகவே நின்றது.

9. கசிவுநீர்: கணக்கில் வராத ஆட்டக்காரர்

கீழ்பவானி வாய்க்கால் மண்கரையால் ஆனது. அதன் கசிவு கிணறுகளை ஊறவைத்து, ஆயக்கட்டுக்கு வெளியிலும் பாசனத்தை வளர்த்தது. ரூ. 709 கோடியில் வாய்க்காலுக்குக் காங்கிரீட் தளம் அமைக்கும் சீரமைப்புத் திட்டம் வந்தபோது, கடைமடைக்கு நீர் செல்லும் என ஆதரித்தோரும், கசிவு நிற்கும் என எதிர்த்தோரும் எனக் கொங்கு உழவர் இரு பிரிவாயினர். 1955இல் ஆட்டக்காரராகவே கருதப்படாத கிணற்றுப் பாசனத்தார், அறுபது ஆண்டுப் பயன்பாட்டால் தாமும் ஓர் உரிமை பெற்றதாகக் கருதுகின்றனர். கடைமடையாரோ ஆவணத்தில் உள்ள தம் உரிமை கசிந்துபோவதாகக் கருதுகின்றனர். எழுதப்பட்ட வரிசைக்கும் வழக்கத்தால் விளைந்த வரிசைக்கும் இடையிலான இப்பிணக்கு, காலப்போக்கில் ஒவ்வொரு சமநிலையும் தன்னைச் சார்ந்து வாழும் புதிய தரப்பை உருவாக்குகிறது என்பதை உணர்த்துகிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• பவானி ஆற்றில் நீர் ஓடும் வரிசையும் பாசனங்கள் தோன்றிய வரிசையும் எதிரெதிரானவை. பாசனத்தாரிடையே தோன்றிய வரிசையே முன்னுரிமையைத் தீர்மானித்துள்ளது.

• அம்முன்னுரிமை தானே நிற்பதன்று. மூன்றாந்தரப்பின் கையிலுள்ள மதகு, வெளிப்படையான நீர்வழிகள், ஆண்டுதோறும் தொடரும் உறவு ஆகிய மூன்றும் அதனைத் தாங்குகின்றன. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் ஆற்றின் இயல்பான வரிசை தலைதூக்கும்.

• ஒற்றைப்படை, இரட்டைப்படை மதகு முறை, வரிசையால் விளையும் முதல்வர் நன்மையை ஆண்டுகளின்மேல் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடாகும்.

• காலிங்கராயன் மரபும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டமும் எழுநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே நெறியைக் காட்டுகின்றன. பிறர் பங்கைத் தொடும் வாய்ப்பைத் தாமே துறப்பவர்க்கே இசைவு கிட்டுகிறது.

• நொய்யல் காட்டுவது, விதியை முதலில் அறிவிப்பதால் மட்டும் பயனில்லை என்பதை. நிறைவேற்றப்படும் என்னும் நம்பிக்கையே விதிக்கு வலு தருகிறது.

வளரும் நகரங்களின் குடிநீர்த் தேவை, தொழில் தேவை ஆகியவை பவானியின் மேற்பகுதியில் புதிய நகர்வுகளாகச் சேர்ந்துகொண்டே உள்ளன. ஒவ்வொரு புதிய திட்டமும் எத்தனை டி.எம்.சி. என்னும் கணக்கோடு மட்டும் மதிப்பிடப்படுமாயின், பழைய சமநிலை எதனால் நின்றது என்பது கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும். எவ்வளவு எடுக்கப்படும் என்பதோடு, எவ்விடத்தில் எடுக்கப்படும், வறட்சி ஆண்டில் யார் முதலில் நிறுத்துவர், நிறுத்தினர் என்பதைப் பிறர் எவ்வாறு அறிவர் என்னும் வினாக்களும் திட்ட அறிக்கைகளில் இடம்பெறுதல் வேண்டும். கொங்கு நாட்டின் பிற வடிநிலங்களான ஆழியாறு, அமராவதி ஆகியவற்றின் பங்கீட்டு முறைகளும் இந்நோக்கில் ஆராயப்பட்டால், இம்முடிவுகளின் பொதுமை மேலும் தெளிவுறும்.